கருவில் அமைந்த பிணியும் கன்மமும்

பிணியோடு பிறந்த குழவியைக் கண்டவிடத்து, இஃது யார் செய்த வினையின் பயன் என்னும் வினா, கேட்பார் இல்லாதபோதும் நம்மனோர் நெஞ்சில் எழுவதொன்று. அவ்வினாவிற்கு விடை கூறுதல் எளிது. கூறிய விடையால் விளைந்ததனைப் பின்னர்க் காணுதல் எளிதன்று. யான் ஒருகாலத்து ஆராயாது கூறிய விடையொன்றும், அதனால் நேர்ந்த தீங்கும், அத்தீங்கிற்குக் காரணம் நம் சித்தாந்தமன்று, அதனைப் பிறழ எடுத்துரைத்த என் அறியாமையே என்பதும் ஈண்டு எழுதப்படுகின்றன.

ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகட்கு முன், குற்றாலத்துச் சாரற் பருவத்தில், தென்காசிக் காசிவிசுவநாதர் திருக்கோயில் மண்டபத்தில் திருமுறை விரிவுரை முடிந்தபின், இளம் பருவத்து மாது ஒருத்தி மூன்று வயதுடைய ஆண்மகவொன்றைக் கையிற் பற்றிக்கொண்டு என்முன் வந்து நின்றாள். அம்மகவு பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதது. அதனாற் பேச்சும் வந்திலது. அவள் மணந்திருந்தது தன் தாயின் தம்பியை. "ஐயா, இது இவன் வினையா, எங்கள் வினையா?" என்று அவள் வினவினாள். சுற்றிலும் பலர் நின்றனர். யானோ விரைந்து விடைகூறும் வழக்கமுடையேன். "பெற்றோர் செய்த வினை பிள்ளையைப் பற்றியது, அம்மா, அதனை நுகர்ந்தே கழித்தல் வேண்டும்" என்றேன். அவள் மறுமொழி கூறாது திருநீறு பெற்றுச் சென்றாள்.

ஆறாண்டு கழிந்தபின் குற்றாலத்திற் சித்திரசபைக்கு அணித்தே அக்குடும்பத்தாரைக் கண்டேன். செவியின் உட்புறத்தே கருவியொன்றை அமைத்துக் கேள்விநரம்பைத் தூண்டும் காக்ளியர் சிகிச்சையால் அச்சிறுவன் ஒலி கேட்டல் கூடும் என்று மருத்துவர் ஒருவர் முன்னரே கூறியிருந்தனராம். வருவாய் குறைந்த குடும்பத்து ஆறு வயதிற்குட்பட்ட மகார்க்கு, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அது கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. ஆயினும், "வினையை மாற்ற முயலலாகாது, பண்டிதரே கோயிலிற் கூறினார்" என்று வீட்டுப் பெரியோர் தடுத்தனர். தாய் அவர்களை இணங்குவித்துச் சென்றபோது வயது கடந்துவிட்டது. மொழியைக் கேட்டுணரும் ஆற்றல் மூளையில் நன்கு வேரூன்றுதற்குரிய காலம் பிறந்தபின் முதற் சில ஆண்டுகளே என்றும், அக்காலம் கழியின் கருவியமைத்தும் பெரும்பயன் விளையாதென்றும் ஆண்டுக் கூறினராம். இவற்றையெல்லாம் சொல்லிய அத்தாய் என்னைப் பழித்திலள். பழித்திருப்பாளாயின் என் மனம் ஒருவாறு ஆறியிருக்கும்.

அன்றுமுதல், உடம்பின் மரபுபற்றி இக்கால அறிவர் கூறுவதனைப் படித்தும், அறிந்தாரைக் கேட்டும் ஒருவாறு தெளிந்தேன். அதனை முதற்கண் சுருங்கக் கூறி, பின்னர் நம் நூற்கொள்கையொடு வைத்து ஆராய்வேன்.

மக்கள் உடம்பு எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. அவற்றுள் மிகப் பலவற்றின் நடுவே குரோமோசோம் எனவும் நிறப்புரி எனவும் வழங்கும் நுண்ணிய இழைகள் உள்ளன. அவை 46; தந்தைவழி 23, தாய்வழி 23 ஆக 23 இணையாய் நிற்பன. நெடுங்காலம் 48 என எண்ணப்பட்டு வந்த இத்தொகையை 46 என வரையறுத்துக் காட்டினோர், சுவீடன் நாட்டு லுண்டு நகரில் 1956இல் ஆராய்ந்த தியோ, லெவான் என்னும் இருவர். இவ்விழைகளில் நிரல்பட அமைந்தன மரபணுக்கள். புரதங்களை ஆக்கும் முறை வகுக்கும் மரபணுக்கள் மட்டும் ஏறக்குறைய 20,000 என்பர். இணையாதலின் ஒவ்வொரு மரபணுவும் பெரும்பான்மையும் இரண்டு படியாக உடம்பில் உளது: ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது.

இம்மரபின் நெறியை முதற்கண் எண்ணிக் கணக்கிட்டவர் ஒரு துறவி என்பது மடத்துப் பெரியோர் மகிழ்தற்குரியது. இக்காலச் செக் நாட்டிலுள்ள புரூண் நகரத்துக் கிறித்தவ மடமொன்றில் வாழ்ந்த மெண்டல், மடத்துத் தோட்டத்திற் பட்டாணிச் செடிகளை வளர்த்துத் தலைமுறைதோறும் எண்ணி, தாம் கண்டதனை 1866இல் வெளியிட்டார். 1868இல் அம்மடத்தின் தலைவராகி 1884இல் மறைந்தார். அவர் கண்டதன் அருமையை உலகம் உணர்ந்தது 1900இல். அவர் காட்டியது யாதெனின், ஓர் இயல்பு ஒரு தலைமுறையில் தோன்றாது ஒடுங்கி நின்று, பின்னொரு தலைமுறையில் வெளிப்படும் என்பதும், அவ்வொடுக்கமும் வெளிப்பாடும் ஒரு கணக்கிற்கு உட்பட்டன என்பதுமேயாம்.

பிறவிச் செவிடு பல காரணங்களால் வரும். கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா அம்மை காணுதல், குறைமாதப் பிறப்பு, பிறந்த குழவிக்கு மஞ்சட்காமாலை மிகுதல் என்பன சில. பெரும்பகுதி மரபுவழி வருவது. அவ்வழி வருவனவற்றுட் பலவற்றிற்கு 13ஆம் நிறப்புரியில் உள்ள ஒரு மரபணுவின் பிழை காரணமாதல் 1997இல் அறியப்பட்டது. உட்செவியின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று தொடர்புறுதற்குரிய நுண்வாயில்களை ஆக்கும் புரதத்தை வகுப்பது அம்மரபணு. இரண்டு படிகளுள் ஒன்று செவ்வையாயின் கேள்வி குறைவின்றி அமையும். இரண்டும் பிழையாயின் கேள்வி இலதாம். ஆகவே, ஒரு படி பிழையுடைய தந்தையும் ஒரு படி பிழையுடைய தாயும் தாம் நன்கு கேட்பவராயிருந்தே செவிட்டுமகவைப் பெறுதல் கூடும். அவர்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகவிற்கும் தனித்தனியே, நான்கிலொரு கூறு பிணி வெளிப்படும். நான்கில் இரு கூறு பெற்றோர்போல ஒடுங்கிய பிழை உறும். நான்கிலொரு கூறு பிழை முற்றும் இன்றி அமையும்.

இனி உறவுமணம். தாய்மாமனுக்குத் தமக்கைமகளையும், அத்தைமகனுக்கு மாமன்மகளையும் கொடுத்தல் நம் நாட்டுத் தொன்மை வழக்கு. இன்றும் தமிழ்நாட்டு மணங்களுள் நான்கிலொரு பங்கிற்குக் குறையாதன உறவுமணம் என்று அரசினர் எடுத்த குடும்பநலக் கணக்குக் காட்டுகின்றது. தாய்மாமனும் மருமகளும் மரபணுக்களில் நான்கிலொரு பங்கும், அத்தைமகனும் மாமன்மகளும் எட்டிலொரு பங்கும் பொதுவாக உடையர். எனவே முன்னோர் ஒருவரிடம் ஒடுங்கி நின்ற பிழை இருவழியாலும் வந்து ஒரு மகவின்கண் கூடுதற்கு இடம் மிகுகின்றது. உறவில் மணந்தார் மக்களுட் பெரும்பாலார் நலமாகவே பிறக்கின்றனர் என்பதும் மறத்தற்பாலதன்று. அயலில் மணந்தார் மக்களுள் நூற்றுக்கு இருவர் மூவர்க்குக் காணும் பிறவிக்குறை, அத்தைமகன் மாமன்மகள் மணத்தில் ஏறக்குறைய இருமடங்காம் என்பதே அறிவர் கூற்று. தாய்மாமன் மணத்தில் நெருக்கம் இன்னும் மிகுதி.

இவ்வளவில் நிறுத்தி நம் கொள்கைக்கு வருவாம்.

"உடம்பின் குறைக்கு மரபணுவே காரணம் எனக் கண்கூடாக விளங்கியபின் கன்மம் என ஒன்று வேண்டா" என்பர் ஒருசாரார். இவர் உலகாயதரின் வழிவந்தோர். குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது நம் நூல் வழக்கு. நிறப்புரியும் மரபணுவும் மாயாகாரியமாகிய பூதங்களின் பரிணாமம்; ஆகலின் அவை மண்ணின் பக்கத்தன. மண்ணை நுணுகி அறிந்தான் ஒருவன் குயவன் இலன் எனின் அது பொருந்தாது. குயவனை வணங்குவான் ஒருவன் மண்ணின் இயல்பை அறியவேண்டா எனின் அதுவும் பொருந்தாது. ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையர் நிறப்புரியால் ஒத்தவராயினும் அறிவும் விருப்பும் வாழ்வும் ஒவ்வாமை காண்கின்றோம். அவ்வேறுபாட்டை அறிவர் சூழல் முதலியவற்றால் விளக்குவர். உயிர் வேறாதலும் காரணம் என்பேம் நாம். ஆயினும் ஒன்று கூறுவல்: கன்மம் உண்டென்பதற்கு நமக்குப் பிரமாணம் நூலும் அதன்வழிப்பட்ட அனுமானமும் ஆம். நோயுற்ற குழவியின் உடம்பைச் சான்றாக நிறுத்தி அதன் தாயின் முன்னிலையில் அவ்வாதத்தை நடத்துதல் அறமன்று.

இரண்டாவது சாரார் நம்மவரே. "மரபணு என்பது நம் நூல் கூறும் சஞ்சிதமே, தந்தை தாயர் ஈட்டிய வினை அவ்வழியே மகவினைச் சாரும்" என்று விரிவுரை செய்வாரைக் கேட்டிருக்கின்றேன். யான் அம்மாதிற்குக் கூறிய விடையும் இவ்வினத்ததே. இது பெரும் பிழை. வினை செய்த உயிரே பயன் நுகரும். ஒருயிர் ஈட்டியதனை மற்றோருயிர் நுகர்தல் நம் சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று. கன்மத்தைச் சுமந்து கருவிற் புகுவது உயிரொடு கூடிய சூக்குமதேகம். பெற்றோர் தருவது தூலதேகத்தின் வித்து. மரபணு அவ்வித்தினுள் அடங்கியது. தூலத்தைத் தந்தவர் கன்மத்தையும் தந்தார் எனின், பல தலைமுறை முன்னிருந்தார் வினையையும் அம்மகவே நுகர்தல் வேண்டும். ஒடுங்கிய பிழையைத் தாங்கியும் நோயுறாத பெற்றோர் தம் வினையைத் தாம் நுகராது பிறர்க்கு வழங்கினார் என்றும் கொள்ளல் வேண்டும். இரண்டும் இழுக்கு. எனவே, "எங்கள் வினையா?" என்ற தாய்க்கு நூல்வழி விடை "அன்று" என்பதே. அவ்வொரு சொல்லை யான் கூறியிருப்பின், பெற்றவள் என்னும் குற்றச்சுமையாவது அவள் தோளினின்றும் இறங்கியிருக்கும்.

"அற்றேல், அது மகவின் வினை எனக் கூறலாமோ?" எனின், பொதுவகையான் அமையும், ஆயினும் இன்ன வினை, இவ்வளவு, இன்ன காலம்வரை என்று சிறப்புவகையான் அறிந்து கூறுதற்கு நமக்கு உரிமை இல்லை. கன்மம் சடம், அது தானே சென்று உயிரைப் பொருந்தமாட்டாது, அளவறிந்து கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே. கட்டியை அறுக்கும் மருத்துவன் கருணையாலே அறுக்கின்றான் என்று அவன் செயலுக்கு உவமை கூறுவதுண்டு. அவ்வுவமையிற் கத்தி மருத்துவன் கையது. பக்கத்தில் நிற்பார் கையதன்று.

மூன்றாவது சாரார் கூற்றே தீங்கிற் பெரிது. "நோயுறல் உள்ளிட்ட ஆறும் கருவின்கண்ணே அமைந்துவிடும் எனச் சிவஞான சித்தியார் கூறுகின்றது, பிராரத்தம் நுகர்ந்தன்றிக் கழியாது, ஆகலின் மருந்தும் முயற்சியும் வேண்டா" என்பர். கருவில் அமையும் என்பதை மரபியலாரும் மறுத்திலர். ஆனால் இனிச் செய்வன மேல்வருவதற்கு ஏதுவாம் என்று அந்நூல் ஆண்டே உடன்கூறுதலை இவர் நோக்கிலர். பிராரத்தம் இவ்வளவினது என்பது நிகழ்ந்தபின் அறியப்படுவதன்றி நிகழுமுன் அறியப்படுவதன்று. செவியில்லாமை ஆறாண்டிற்குரியதோ அறுபதாண்டிற்குரியதோ யார் அறிவார்? நோயைக் கூட்டுவித்த அருளே மருத்துவனையும் மருந்தையும் கூட்டுவிக்கின்றது என்று கொள்ளுதற்குத் தடை யாது? பசியும் பிராரத்தமே, அதுபற்றி உண்ணாதிருப்பார் ஒருவரையும் யான் கண்டிலேன். தமக்குப் பல்வலி வந்தபோது மருத்துவரை நாடுவோர், பிறர் மகவின் செவிக்குமட்டும் வினை பேசுதல் என்னை?

இன்னும் ஒன்று உளது. நோயுற்றது ஓருயிரின் நுகர்வு. அதனைக் கண்டு உதவுதலும் உதவாமையும் காண்பவரின் ஆகாமியம். உதவக்கூடிய காலத்து, "வினை" என்று சொல்லித் தடுத்தவன், அப்பிள்ளையின் பழவினையைப் பற்றிப் பேசிக்கொண்டே தன் புதுவினையை ஈட்டுகின்றான். யான் ஈட்டியது இதுவே.

உடம்பின் பிழை ஒழுக்கத்தின் பிழையன்று என்பதனை விளக்க நீலகிரியினின்றும் ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். குருதியின் சிவப்பணு அரிவாள்போல வளைந்து வலியும் சோகையும் தரும் மரபுநோய் ஒன்று உண்டு. 11ஆம் நிறப்புரியின் மரபணு ஒன்றில் ஓரெழுத்து மாறுதலால் வருவது. இந்தியாவில் அது முதன்முதற் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடத்து, 1952இல், லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளரால். அம்மாற்றத்தை ஒரு படியிலேயே உடையார் மலேரியாக் காய்ச்சலின் கொடுமைக்கு ஆற்றுவர் என்பது 1954இல் ஆலிசன் என்பவர் ஆப்பிரிக்காவிற் கண்டு வெளியிட்டது. முன்னோரைக் காய்ச்சலினின்றும் காத்ததே, இரு படியும் கூடியவிடத்துப் பிள்ளைக்குப் பிணியாயிற்று. இதில் யாரைப் பழிப்பது? இந்நோயை 2047க்குள் ஒழித்தல் கருதி நடுவணரசு 2023இல் இயக்கம் ஒன்று தொடங்கியுள்ளது. தசை நலிந்து சிறுவரை வீழ்த்தும் டூஷேன் என்னும் நோயில், ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர்க்கு அப்பிழை தாயிடத்தும் இல்லாது புதிதாகத் தோன்றுகின்றது. 21ஆம் நிறப்புரி இரண்டிற்கு மாறாக மூன்றாய் அமைதலால் வரும் டவுன் நிலையும், 1959இல் பிரெஞ்சு அறிவர் கண்டவாறு, அணு பிரியுங்கால் நேரும் பிறழ்ச்சியே. பெரும்பான்மையும் பெற்றோர் மரபில் உள்ளதன்று. இவற்றையெல்லாம் அறிந்தும், மகவின் குறைக்கு மருமகளைப் பழித்து ஒதுக்கும் வீடுகள் நம் ஊர்களில் இன்னும் உள. தந்தையின் படியும் தாயின் படியும் கூடியே தோன்றும் பிணிக்குத் தாயொருத்தியையே பழித்தல் கணக்கிற்கும் ஒவ்வாது, அறத்திற்கும் ஒவ்வாது.

அறிவு முற்றியவிடத்தும் அருள் இல்லையாயின் யாது விளையும் என்பதற்கும் சான்று உண்டு. மரபுநோய் உடையார் மக்கட்பேறு இன்றி ஒழிக என்று செருமனி நாட்டார் 1933இல் சட்டம் இயற்றி, ஏறக்குறைய 4 இலட்சம் மக்களை வலிந்து மலடாக்கினர். அச்சட்டம் எண்ணிய நோய்களுள் மரபுவழிச் செவிடும் ஒன்று. நோயை நீக்கக் கருதுதல் வேறு. நோயுற்ற உயிரை நீக்கக் கருதுதல் வேறு. ஆணவ இருளில் மயங்கும் உயிர்க்கு விடியுமளவும் விளக்காக உதவுவது மாயையின் காரியமாகிய உடம்பு என்பர் நம் ஆசிரியர். திரி குறுகிய விளக்கும் விளக்கே. அதனைக் கைகொண்டு காப்பதே அறிவுடைமை. திருவாரூரில் வாழ்ந்த தண்டியடிகள் நாயனார் பிறவியிற் கண்ணிலாதவர். கோலும் கயிறும் பற்றித் திருக்குளம் தோண்டினார். கண்ணில்லாமை காட்டி அவரை இகழ்ந்தோர் சமணரே. சேக்கிழார் பெருமானோ அவர் கண்ணின்மைக்கு முன்வினை தேடி ஆராய்ந்தாரல்லர், தொண்டினையே கண்டார்.

இனி, செய்யத்தக்கன யாவை? ஒரு குடியில் பிறவிச் செவிடோ, குருதிநோயோ, தசைநோயோ முன்னர்க் காணப்பட்டிருப்பின் அதனை மணம் பேசுங்கால் மறைத்தலாகாது. மறைத்தல் பொய்யும் வஞ்சனையுமாம். அத்தகைய குடியில் உறவுமணம் கருதுவோர், பொருத்தம் பார்ப்பதற்கு முன்னரே மரபுநோய் அறிந்த மருத்துவரைக் கலந்து, வேண்டின் குருதிச் சோதனையும் செய்துகொள்க. உரிமைப்பெண், முறைமாப்பிள்ளை என்னும் அன்பு நல்லது. அவ்வன்பு பிறக்கும் மகவினையும் எண்ணுவதாயின் இன்னும் நல்லது. பிறந்த குழவியின் செவியை முதல் மாதத்திலேயே சோதித்தல் வேண்டும். பிறவிக்குறைகளை இளமையிலே கண்டு மருத்துவம் செய்தற்கு நடுவணரசு 2013இல் தொடங்கிய சிறார் நலத்திட்டத்திற் செவிட்டுத்தன்மையும் அடங்கும். இவற்றைப் பெரியபுராண விரிவுரையின் இடையே இரண்டு சொல்லாற் கூறினும் பயன் உண்டு. மருத்துவர் சொல்லைக் கேளாதார் பலர் மடத்தார் சொல்லைக் கேட்பர். அச்செல்வாக்கு எத்துணைத் தீங்கு செய்யவல்லது என்பதை யான் அறிவேன். ஆகலின் அத்துணை நன்மையும் செய்யவல்லது எனத் துணிகின்றேன்.

தென்காசிக் கோயிலை 1446இல் எடுக்கத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், அஃது இறைவன் செயலால் ஆயது, தன் செயலன்று எனக் கல்லிற் பொறித்துள்ளான். அவ்வளவில் அமைந்தானல்லன், பிற்காலத்து அக்கோயிற்கு உறும் குறையைத் திருத்திக் காப்பவர் யாவராயினும் அவர் அடியைத் தான் பணிவதாகவும் பொறித்துள்ளான். எல்லாம் இறைவன் செயல் எனத் தெளிந்தவனே குறை திருத்துவார் அடிகளையும் வணங்குகின்றான். யான் இளைஞனாய் இருந்தபோது அக்கோயிலின் இராசகோபுரம் சிதைந்து முடியின்றி நின்றது. 1990இல் ஒன்பது நிலையும் நிரம்ப எழுந்து குடமுழுக்குக் கண்டது. கோபுரம் சிதைந்தது யார் வினை என்று வினவி இருந்தோமாயின் இன்றும் அது சிதைந்தே நிற்கும். கல்லாலாய கோயிற்கு அரசன் கூறியது, உயிர் உறையும் உடம்பாகிய கோயிற்கு ஒவ்வாதோ?

அத்தாய்க்குப் பின்னர் ஒரு பெண்மகவும் செவிகேளாது பிறந்தது. இம்முறை அவள் என்னையும் கேட்டிலள், வீட்டாரையும் கேட்டிலள். இரண்டு வயதிலேயே கருவி அமைப்பித்தாள். சென்ற ஆனியில் அவர்களைத் திருக்குற்றாலநாதர் சந்நிதியிற் கண்டேன். இளையவள் திருவைந்தெழுத்தைத் தன் வாயாற் சொல்லினாள். மூத்தவன் தங்கையின் வாயை நோக்கி, அவ்வைந்தெழுத்தையும் தன் கைக்குறியாற் சொல்லினான். அவ்விருவரையும் வணங்கி, அன்று கூறாதொழிந்த விடையை அத்தாய்க்கு அன்று கூறினேன்: "உங்கள் வினையன்று, அம்மா."